எந்தப் பிரிவின் கணக்கில் நாம்?

சில வருடங்களுக்கு முன்னர், இடம்பெயர்ந்து வந்திருந்த ஐந்து குடும்பத்தவருடன் நாம் ஓர் அபிவிருத்தி அலுவலகத்துக்குப் போயிருந்தோம். காலை எட்டரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். எம்முடன் வந்த முதியவர் ஒருவர் தமது கடதாசிகளையெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, மடியில் வைத்து, இரு கைகளாலும் பிடித்தபடி வாங்கில் அமர்ந்திருந்தார். மூன்று இடப்பெயர்வுகளிலும் நனையவிடாமல் அவர் காப்பாற்றிய பை அது.

காணிப் பிரிவில் இருந்தவர் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, இது நீங்கள் குத்தகைக்குச் செய்த காணி. உறுதிக்காரர் வந்தால்தான் எங்கட பிரிவு பார்க்கும். குடியேற்றப் பிரிவில கேளுங்கோ" என்றார். குடியேற்றப் பிரிவில், "வீட்டுப் பதிவு மட்டும்தான் எங்களிட்ட இருக்குது. வயல் அலுவல் எண்டால் விவசாயப் பிரிவு" என்றார்கள். விவசாயப் பிரிவில், "விதைநெல் காணிப் பதிவு உள்ள ஆக்களுக்குத்தான் ஐயா. காணிப் பிரிவில ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்கள். பகல் பன்னிரண்டரை மணிக்கு நாம் மீண்டும் முதலாவது வாசலிலேயே நின்றோம்.

ஒருவரும் எம்மை ஏசவில்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பிரிவின் விதிப்படி சரியாகவே பதில் சொன்னார்கள். ஆயினும் வெளியே வந்ததும் அந்த முதியவர் எம்மில் இளையவரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அப்ப நான் ஆருடைய கணக்கில?"

அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் இதுபற்றிப் பேசியும் வாசித்தும் வந்தபோது ஒன்று தெளிவாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் முன்மேசை அல்ல. அந்த மேசைக்குப் பின்னால், உள்ளறையில் இருக்கும் பிரிவுத் தலைவரிடமே அதைக் கேட்கவேண்டும். ஆகவே இந்த இதழில், அரசாங்க அபிவிருத்தி நிறுவனமொன்றில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்குவது என்றால் என்ன, அந்தத் தலைமை சரியாக அமையும்போதும் பிழைக்கும்போதும் எம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பிரிவுத் தலைவரின் வேலை என்ன?

ஓர் அபிவிருத்தி அதிகார சபை பெரியது. அதன் தலைவரும் பணிப்பாளர் சபையும் கொள்கையை வகுப்பார்கள். ஆனால் கொள்கை நேராக வயலுக்கு வருவதில்லை. காணி, நீர்ப்பாசனம், விவசாயம், குடியேற்றம், கணக்கு எனப் பிரிவுகளாகப் பிரிந்துதான் வருகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பணிப்பாளரோ பொறுப்பதிகாரியோ இருப்பார்.

அவரிடம் நான்கு காரியங்கள் உண்டு. முதலாவது, வருடாந்த ஒதுக்கீட்டை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது. இரண்டாவது, ஊழியர்களை எங்கே அனுப்புவது, அவர்கள் எதைப் பதியவேண்டும் என்று சொல்வது. மூன்றாவது, மேலிடத்துக்கு முன்னேற்ற அறிக்கை அனுப்புவது. நான்காவது, தமது பிரிவின் எல்லையில் ஏதேனும் பிரச்சினை வந்தால் அடுத்த பிரிவுடன் பேசித் தீர்ப்பது.

முதல் மூன்றையும் செய்யாத தலைவர் நெடுநாள் பதவியில் இருக்கமாட்டார். கேள்வி கேட்க மேலதிகாரி உண்டு, கணக்காய்வாளர் உண்டு. நான்காவதைச் செய்யாவிட்டால் கேட்க ஒருவரும் இல்லை. ஏனெனில் எல்லையில் விழுந்தவர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. ஆனால் இடம்பெயர்ந்த விவசாயி பெரும்பாலும் விழுவது அங்கேதான்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய உதாரணத்தைப் பார்ப்போம். அது தூர தேசத்தில் நடந்தது. ஆனால் எமது நாட்டின் அபிவிருத்திச் சபைகளுக்கும் அதற்கும் உறவு உண்டு.

டென்னசிப் பள்ளத்தாக்கில்

1933ஆம் ஆண்டு அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் ஏழு மாநிலங்களில் பரந்து கிடக்கும் டென்னசி ஆற்றின் பள்ளத்தாக்கில் வறுமை இன்னும் கொடிது. மலைச்சரிவுகளில் மண் அரித்துப் போயிருந்தது. வெள்ளம் அடிக்கடி வந்தது. பெரும்பாலான பண்ணைகளுக்கு மின்சாரம் இல்லை. தாழ்ந்த பகுதிகளில் மலேரியாவும் இருந்தது. அவ்வருடம் மே 18ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபை பிறந்தது. ஆறு, அணை, மின்சாரம், மண், பசளை, மக்கள் வாழ்வு ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவருவதே அதன் நோக்கம். அரச திணைக்களங்கள் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் வேலை செய்வதற்கு அது ஒரு மாற்றாக எண்ணப்பட்டது.

அதன் சபையில் மூவர் இருந்தனர். தலைவர் ஆதர் மோர்கன் ஒரு பொறியியலாளர். ஹார்கோர்ட் மோர்கன் விவசாய அறிஞர், டென்னசிப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். பெயர் ஒத்திருப்பினும் இருவரும் உறவினரல்லர். மூன்றாமவர் டேவிட் லிலியெந்தால், முப்பத்து மூன்று வயதுச் சட்டத்தரணி. சில மாதங்களுக்குள்ளேயே மூவரும் வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். அணைக்கட்டு வேலைகள் முதலாமவருக்கு. விவசாயமும் பசளையும் இரண்டாமவருக்கு. மின்சாரம் மூன்றாமவருக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கவென்று உருவான நிறுவனம், தொடங்கிய வருடத்திலேயே மூன்று துண்டாயிற்று.

துண்டாவது தவறு என்று நாம் சொல்லவில்லை. பெரிய வேலையைப் பிரிக்காமல் செய்ய முடியாது. பிரித்த இடத்தில் யார் காவல் நின்றார்கள் என்பதே கேள்வி.

நொரிஸ் அணையும் மூன்று விதமான மக்களும்

அதிகார சபை கட்டிய முதலாவது அணை கிளிஞ்ச் ஆற்றின் மேல் அமைந்த நொரிஸ் அணை. 1933ஆம் ஆண்டு ஒக்டோபரில் வேலை தொடங்கியது. 1936ஆம் ஆண்டு மார்ச்சில் கதவுகள் மூடப்பட்டு நீர் தேங்கத் தொடங்கியது. 265 அடி உயரமான அணையை இரண்டரை வருடத்தில் முடித்தது பொறியியலாளர்களின் பெரும் சாதனைதான்.

அதற்காக ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காணி வாங்கப்பட்டது. ஏறத்தாழ மூவாயிரம் குடும்பங்கள் எழும்பவேண்டியிருந்தது. லொயிஸ்ரன் என்ற சிறிய ஊர் முழுவதும் நீருக்குள் போயிற்று. நீர் உண்மையில் மூடிய நிலம் ஏறத்தாழ 34,000 ஏக்கர் மாத்திரமே. கரையோர மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கவும், பாதை துண்டிக்கப்படும் ஊர்களுக்குப் புதிய வீதி போடும் செலவைத் தவிர்க்கவும் மிகுதிக் காணியும் வாங்கப்பட்டது. ஆகவே நீர் ஒருநாளும் வந்து தொடாத காணியிலிருந்தும் மக்கள் போனார்கள்.

காணி வாங்கும் பிரிவு தனது வேலையை ஒழுங்காகவே செய்தது. மதிப்பீட்டாளர்கள் காணிக்குக் காணி சென்றார்கள். ஒரு விலை குறிக்கப்பட்டது. அந்த விலையில் பேரம் பேசுவதற்கு இடமில்லை. சம்மதித்தால் பணம், மறுத்தால் சட்டப்படி சுவீகரிப்பு. பேரம் இல்லாததால் செல்வாக்குள்ளவன் கூடுதலாகவும் வாயில்லாதவன் குறைவாகவும் பெறும் அநியாயம் தவிர்க்கப்பட்டது என்பது உண்மை. வேலையும் விரைவாக நடந்தது.

ஆனால் அந்தப் பிரிவு காணியைத்தான் வாங்கியது, குடும்பத்தின் வாழ்வை அல்ல. காணிக்குச் சொந்தக்காரருக்குப் பணம் கிடைத்தது. அடமானக் கடன் இருந்தவர்களுக்கு அது கழித்து மிஞ்சியதுதான் கைக்கு வந்தது. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே காலத்தில் அண்டை ஊர்களில் காணி தேடினார்கள். தேடுவோர் பலர், விற்பனைக்குள்ள பண்ணைகளோ சில. விலை ஏறிற்று. மதிப்பீடு செய்த நாளில் நியாயமாக இருந்த தொகை, காணி வாங்கப்போன நாளில் போதாமற் போயிற்று. விலை ஏறுவதைக் கவனிப்பது காணி வாங்கும் பிரிவின் கடமைப் பட்டியலில் இருக்கவில்லை.

குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்த குடும்பங்களின் நிலை இதைவிட மோசம். அவர்களிடம் விற்க ஒன்றும் இல்லை. ஆகவே அவர்களுக்கு நட்டஈடும் இல்லை. அவர்களை ஒருவரும் காணாமல் விட்டார்கள் என்றில்லை. ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை மாடு, எவ்வளவு கடன் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். குத்தகைக் குடும்பங்கள் கேள்விப் படிவத்தில் இருந்தன, காசோலைப் பட்டியலில்தான் இருக்கவில்லை.

புதிய காணி தேட உதவும் வேலை முதலில் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்க சேவையிடம் ஒப்படைக்கப்பட்டது. குடும்பங்களை இடம் மாற்றுவதற்கென அதிகார சபைக்குள்ளேயே ஒரு தனிப் பகுதி பின்னர்தான் ஏற்பட்டது. நீர் ஏறும் நாள் மட்டும் முதல் நாளிலிருந்தே நிச்சயிக்கப்பட்டிருந்தது.

இங்கே மூன்றாவது விதமான மக்களையும் சொல்லவேண்டும். அவர்கள் இறந்தவர்கள். நீர்த்தேக்கப் பகுதியில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் அதிகார சபையின் செலவில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. உறவினரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களின் விருப்பம் கேட்டு, ஒவ்வொன்றாகப் பதிந்து அந்த வேலை நடந்தது. மெச்சவேண்டிய வேலைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் இறந்தவருக்குப் போக இடம் குறிக்கப்பட்டிருந்தது. உயிரோடிருந்த குத்தகை விவசாயிக்கு அப்படி ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

அணைத் தொழிலாளருக்காக அருகிலேயே நொரிஸ் என்ற மாதிரி நகரம் ஒன்று கட்டப்பட்டது. நல்ல வீடுகள், மின்சாரம், பாடசாலை எல்லாம் இருந்தன. கறுப்பினக் குடும்பங்களுக்கு அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. இதுவும் ஒரு பிரிவின் தீர்மானமே.

விவசாயப் பிரிவின் நன்மையும் குறையும்

ஹார்கோர்ட் மோர்கனின் விவசாயப் பிரிவுக்கு வருவோம். இவருடைய வழி வேறு. தமது பிரிவுக்கென்று பெரிய உத்தியோகத்தர் படையைச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே கிராமங்களில் வேலை செய்துகொண்டிருந்த மாநில விவசாயக் கல்லூரிகள் மூலமும், எமது விவசாயப் போதனாசிரியரைப் போன்ற உத்தியோகத்தர் மூலமும் வேலையை நடத்தினார். வெளியிலிருந்து வருபவர் கட்டளையிட்டால் விவசாயி கேட்கமாட்டான், அவனுக்குத் தெரிந்தவர் வந்தால் கேட்பான் என்பது அவரது நம்பிக்கை.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துக்காக மசில் ஷோல்ஸ் என்னுமிடத்தில் கட்டப்பட்ட தொழிற்சாலை அதிகார சபையின் கைக்கு வந்திருந்தது. அங்கே பொஸ்பேட் பசளை செய்யப்பட்டது. 1935ஆம் ஆண்டு முதல் மாதிரிப் பண்ணைத் திட்டம் நடந்தது. ஊரவர்கள் கூடித் தமக்குள் ஒரு விவசாயியைத் தெரிவு செய்வார்கள். அவருக்குப் பசளை இலவசம், ஏற்றுக்கூலியை மட்டும் அவர் கொடுப்பார். பதிலுக்கு, மண்ணைக் காக்கும் பயிர்முறையைக் கைக்கொண்டு, வரவு செலவை எழுதிவைத்து, அயலவர் வந்து பார்க்க இடம் கொடுக்கவேண்டும். சரிவில் சோளம் விதைத்து மண்ணை இழந்த பல பண்ணைகள் புல்லுக்கும் அவரை இனப் பயிர்களுக்கும் மாறின. அயலவனின் வயலைப் பார்த்து விவசாயி கற்றான். இது விரிவாக்க வேலைக்கு ஒரு சிறந்த பாடம்.

ஆனால் இந்த நல்ல முறைக்குள்ளும் ஒரு வாசல் அடைபட்டிருந்தது. வரவு செலவு எழுதவும் பல வருடத் திட்டம் போடவும் தன் காணி என்று சொல்லத்தக்கவனால்தான் முடியும். வருடம் முடியக் காணிக்காரன் எழுப்பிவிடக்கூடிய குத்தகை விவசாயி மாதிரிப் பண்ணை வைப்பது எப்படி? கல்லூரிகளும் போதனாசிரியர்களும் நெடுங்காலமாகப் பழகியது வசதியுள்ள காணிக்காரருடனேயே. ஏழைக் குத்தகைக்காரருக்குக் கடன் கொடுக்கவென்று அரசு 1937ஆம் ஆண்டில் அமைத்த பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துடன் இந்த விவசாயப் பிரிவு இணங்கிப் போகவும் இல்லை. பிலிப் செல்ஸ்னிக் என்ற சமூகவியல் அறிஞர் இவற்றை ஆராய்ந்து 1949ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அடிமட்ட மக்களிடம் போகிறோம் என்று சொல்லி, அடிமட்டத்தில் ஏற்கெனவே பலமாக இருந்தவர்களிடம் பிரிவின் தீர்மானங்கள் கைமாறிவிட்டன என்பதே அவரது முடிவின் சாரம்.

நாம் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும். மக்கள் பங்களிப்பு என்ற சொல்லை இன்று எல்லா அலுவலகத்திலும் கேட்கிறோம். எந்த மக்கள் என்று பிரிவுத் தலைவர் கேட்காவிட்டால், கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்தான் மக்கள் ஆகிவிடுவார்.

மேலே பூசல், கீழே காத்திருப்பு

மூன்று பணிப்பாளர்களுக்கும் இடையே பிணக்கு வளர்ந்தது. ஆதர் மோர்கன் மற்ற இருவர்மீதும் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். ஆதாரம் காட்டும்படி ஜனாதிபதி கேட்டபோது கொடுக்க மறுத்தார். 1938ஆம் ஆண்டு மார்ச்சில் ரூஸ்வெல்ட் அவரைப் பதவி நீக்கினார். ஹார்கோர்ட் மோர்கன் தலைவரானார். அவருக்குப் பின் 1941இல் லிலியெந்தால் வந்தார்.

தலைவர்கள் மாறும்போது வாக்குறுதிகளுக்கு என்ன நேரும்? அதற்கு ஒரு துன்பமான சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட கரோலினா மாநில மலைகளில் பொன்டானா என்ற அணை அவசரமாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் எழும்பின. வடகரையில் இருந்த பழைய வீதி நீருக்குள் போயிற்று. அங்கிருந்த 44,000 ஏக்கர் காணி தேசிய பூங்காவுக்கு மாற்றப்பட்டது. காடாகிப்போன அந்த ஊர்களில் மக்களின் மயானங்கள் எஞ்சியிருந்தன. போர் முடிந்ததும் புதிய வீதி போடப்படும் என்று 1943ஆம் ஆண்டு உடன்படிக்கை எழுதப்பட்டது. அதிகார சபை, மத்திய அரசின் உள்நாட்டுத் திணைக்களம், மாநிலம், உள்ளூர் நிர்வாகம் ஆகிய நான்கு தரப்பும் கையொப்பமிட்டன.

சில மைல் தூரத்திலேயே அந்த வீதி ஒரு சுரங்கப்பாதையுடன் நின்றுபோயிற்று. 1970களின் தொடக்கத்தில் வேலை கைவிடப்பட்டது. ஊரார் அதற்கு 'எங்கும் போகாத வீதி' என்று பெயர் வைத்தார்கள். மயானங்களுக்கு வருடத்தில் ஒருமுறை படகில் ஏரியைக் கடந்து போய்ப் பூ வைத்துத் திரும்பினார்கள். 2010ஆம் ஆண்டிலேயே, வீதிக்குப் பதிலாக 52 மில்லியன் டொலர் கொடுப்பதாக உடன்பாடு ஏற்பட்டது. கடைசித் தொகை 2018இல் கிடைத்தது. நான்கு தரப்பு கையொப்பமிட்ட கடதாசியை நிறைவேற்ற ஒரு தலைவரின் பெயர் குறிக்கப்படவில்லை. அதனால் எழுபத்தைந்து வருடம் போயிற்று. அது தீர்ந்ததற்கும் காரணம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கடதாசியை மறக்காமல் கையில் வைத்திருந்ததே.

கல்லோயாவுக்கு வந்த பாடம்

டென்னசி முன்மாதிரி இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்குக்கு 1948இல் வந்தது. எமது நாட்டுக்கு 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்லோயா அபிவிருத்திச் சபையாக வந்தது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. காடு வெட்டப்பட்டு குடியேற்றங்கள் அமைந்தன. அந்தக் குடியேற்றம் கிழக்கின் தமிழ், முஸ்லிம் மக்கள் மனதில் ஏற்படுத்திய காயமும், 1956இல் அங்கே நடந்த இன வன்செயலும் வாசகர்கள் அறிந்தவையே.

அதே கல்லோயாவில் பின்னர் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். முப்பது வருடத்துக்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து பழுதாகிவிட்டன. கடைசி வயல்களுக்கு நீர் போவதில்லை. திருத்த வேலை தொடங்கியபோது, 1981ஆம் ஆண்டு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக ஊர்களில் குடியிருக்க அனுப்பின. அவர்கள் திட்டத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. விவசாயிகளின் வீடுகளுக்குப் போய் முதலில் கேட்டார்கள். வயல் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குழு அமைந்தது. விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால் துப்புரவு செய்தார்கள், முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். மேற்பகுதியில் இருந்த சிங்கள விவசாயிகள், கடைசிப் பகுதியில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கும் நீர் போக வழிவிட்டதை, அந்த வேலையில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் தொடக்கத்தில் இதை நம்பவில்லை. விவசாயிக்கு வாய்க்காலைப் பற்றி என்ன தெரியும் என்பதே பலரின் எண்ணம். வாய்க்கால் எங்கே உடைகிறது, எங்கே நீர் தேங்குகிறது என்பது விவசாயிக்குத்தான் தெரியும் என்பதைக் கண்கூடாகக் கண்டபின் சிலர் மாறினார்கள். விவசாயப் பிரதிநிதிகள் உத்தியோகத்தருடன் ஒரே மேசையில் இருந்து பேசும் குழுக்கள் உருவாகின. 1988ஆம் ஆண்டு அரசு பங்கேற்பு முறையிலான நீர் முகாமையை நாட்டுக்கே கொள்கையாக ஏற்றுக்கொண்டது. பிரிவுத் தலைவர்கள் தமது எல்லைக்கு வெளியே வந்து நின்று பார்த்ததன் பலன் இது.

நாம் என்ன செய்யலாம்?

இடம்பெயர்ந்தவர் நல்ல தலைவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. இருக்கின்ற தலைவரை நல்ல கேள்வி கேட்டு வேலை செய்ய வைக்கலாம். எமது அனுபவத்தில் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

1. தனியே போகாதீர்கள். ஒரே நிலையில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து போங்கள். குத்தகைக்குச் செய்தோர், அனுமதிப்பத்திரம் தொலைந்தோர், இறந்த தந்தையின் பெயரில் காணி உள்ளோர் என்று வகை பிரித்துப் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். கணக்கில் இல்லாதவரைக் கணக்கில் கொண்டுவரும் முதல் வேலையை நாமே செய்யலாம்.

2. "இது எங்கள் பிரிவல்ல" என்று சொன்னால், "அப்படியாயின் எந்தப் பிரிவு, அதன் பொறுப்பதிகாரி யார் என்று எழுதித் தாருங்கள்" என்று தாழ்மையாகக் கேளுங்கள். மூன்று பிரிவும் மறுத்தால், மூன்று தலைவர்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதி, ஒவ்வொருவருக்கும் மற்ற இருவருக்கும் பிரதி அனுப்பியதைக் குறிப்பிடுங்கள்.

3. எழுத்தில் வந்த வாக்குறுதியில், அதை நிறைவேற்றும் பதவியின் பெயரும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். ஒளிப்பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

4. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச அலுவலகத்திடம் பட்டியல், விதி, ஒதுக்கீடு என்பவற்றை நாம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளவேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கவேண்டும்.

5. வீதி, குளம், அணை போன்ற அபிவிருத்தி வேலைக்காக எழும்பவேண்டியவர்கள், 2001ஆம் ஆண்டு அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கையை அறிந்திருக்கவேண்டும். காணிக்கு எழுத்து உரித்து இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்படவேண்டும் என்று அது சொல்கிறது. நொரிஸ் குத்தகைக் குடும்பங்களுக்கு இல்லாத ஒரு வரி எமக்கு இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவோம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சஞ்சிகை சில அலுவலகங்களுக்கும் போகிறது என்பதை நாம் அறிவோம். நீங்கள் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பின், மாதம் ஒருநாள் உங்கள் முன்மேசையில் அமர்ந்து பாருங்கள். இன்று யாரைத் திருப்பி அனுப்பினோம், எங்கே அனுப்பினோம் என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மாத முடிவில் அந்தக் கொப்பியை அடுத்த பிரிவுத் தலைவருடன் ஒரு தேநீர் வேளையில் புரட்டிப் பாருங்கள். இதற்கு ஒதுக்கீடு வேண்டியதில்லை.

நாம் ஆரம்பத்தில் சொன்ன முதியவருக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று திரும்பி வந்து, அவரைப் போல் குத்தகைக்குச் செய்த பதினேழு குடும்பங்களின் பெயரைச் சேர்த்து மூன்று பிரிவுக்கும் ஒரே கடிதம் எழுதினோம். இரண்டு மாதம் பதில் இல்லை. மூன்றாம் மாதம் ஒரு பிரிவின் பொறுப்பதிகாரி மற்ற இருவரையும் அழைத்து ஒரு கூட்டம் வைத்தார். காணிக்காரரின் சம்மதக் கடிதமும் கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலும் இருந்தால் விதைநெல் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. பதினேழில் பதினொரு குடும்பத்துக்கு அந்தப் போகம் விதைநெல் கிடைத்தது. ஆறு குடும்பத்தின் காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தபடியால் கடிதம் எடுக்க முடியவில்லை.

முதியவர் அந்த ஆறில் ஒருவர். அவர் இப்போதும் அந்தப் பொலித்தீன் பையை வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு கடதாசி கூடியிருக்கிறது. அந்தக் கூட்டத்தின் தீர்மானப் பிரதி, ஆறு பெயரும் நிலுவையில் உள்ளன என்று எழுதி, பொறுப்பதிகாரி கையொப்பமிட்டது. "இப்ப நான் ஒரு கணக்கில நிக்கிறன் தம்பி. இனி அவை என்னை விட ஏலாது" என்கிறார். மற்ற ஐந்து பேருடன் அவர் அடுத்த மாதமும் அந்த அலுவலகத்துக்குப் போக இருக்கிறார். நாமும் கூடப் போவோம்.